டைப் 1 சர்க்கரை, 36 வாரம்: வலிக்கு மருந்து வைப்பதா, நேராக சிசேரியனா?

தாமிரபரணி:
பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறேன். இது முதல் பிள்ளை, 36 வாரம் முடிந்துவிட்டது. ஸ்கேனில் குழந்தை 3.3 கிலோ என்கிறார்கள். 38-ஆவது வாரத்தைத் தாண்ட விடமாட்டோம், பிரசவ வலி வர மருந்து வைத்துப் பார்ப்பதா, ஆபரேஷனா என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மாமியார் சுகப்பிரசவத்தைத் தவிர வேறு எதையும் காதில் வாங்கவில்லை. அம்மா ஜோசியரிடம் போய்விட்டார். பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஊசிக்காரி:
நான் பட்டவள். எனக்கு 37 வாரம் 5 நாளில், கர்ப்பப்பை வாய் இளகி வலி வர ஜெல் வைத்தார்கள். மாலை ஐந்து மணிக்கு உள்ளே போனேன். ஒரு கையில் குளுக்கோஸ், இன்னொரு கையில் இன்சுலின், மணிக்கொரு முறை விரலில் குத்தல். சர்க்கரை 72-க்கும் 126-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று கணக்கு. ராத்திரி மூன்று மணிக்கு 64. நர்ஸ் ஓடிவந்து இன்சுலினை நிறுத்தினார், அரை மணியில் 170. விடியும்போது குத்துவதற்கு இடமில்லாமல் சுண்டு விரலுக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் இரண்டாவது ஜெல், பிறகு வாயை விரிக்கப் பலூன், பிறகு பனிக்குடத்தை உடைத்து வலிக்கு டிரிப்ஸ். கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டரில் நின்றது நின்றதுதான். இருபத்தெட்டு மணி நேரம் கழித்துக் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கவும் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். 3.8 கிலோ என்று ஸ்கேன் பயமுறுத்திய பிள்ளை தராசில் 3.2.

இதற்காக நான் வருத்தப்படவில்லை. மருந்து வைத்ததும் தப்பில்லை, கத்தி வைத்ததும் தப்பில்லை. எத்தனை மணி நேரம் பார்ப்பீர்கள், எப்போது நிறுத்துவீர்கள் என்று முதல் நாளே கேட்காமல் விட்டதுதான் என் தப்பு.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகு வந்தது. கர்ப்பத்துக்கு முன்னால் நாளைக்கு 30 யூனிட் போட்டுக்கொண்டிருந்தவள் நான். கடைசி மாதத்தில் 78 வரை போனது. இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது நச்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள். அது வெளியே வந்த உடனே தேவை மளமளவென்று சரிந்துவிடும், பலருக்கு முன்பிருந்ததைவிடவும் கீழே. எனக்கு அடுத்த நாள் ராத்திரி, சீட்டில் இருந்த கர்ப்பகால அளவையே, நீண்ட நேரம் வேலை செய்கிற ஊசியை, மாற்றாமல் போட்டுவிட்டார்கள். தையல் வலியிலும் மயக்கத்திலும் நானும் கவனிக்கவில்லை. ஒரு மணிக்கு நைட்டி தொப்பலாக நனைந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த பிள்ளை அழுகிறது, அது யாருடைய பிள்ளை என்று எனக்குப் புரியவில்லை. அம்மாதான் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து என் வாயில் கொட்டினார். மீட்டர் 41 காட்டியது.

சிசேரியனோ சுகப்பிரசவமோ, நச்சுக்கொடி வந்த பிறகு எவ்வளவு யூனிட் என்று டாக்டர் கையெழுத்தோடு முன்கூட்டியே வாங்கிக்கொள் தங்கை. இது ஒன்றை மறக்காதே.

பனிக்காலம்:
நான் யாழ்ப்பாணத்துப் பெண், பிள்ளை பெற்றது லண்டனில். இங்கே 'நைஸ்' என்கிற மருத்துவ வழிகாட்டு அமைப்பின் வழிகாட்டுதலில் வேறு சிக்கல் இல்லாத டைப் 1 பெண்களுக்கு 37 வாரம் முதல் 38 வாரம் 6 நாளுக்குள் மருந்து வைத்தோ சிசேரியன் செய்தோ பிரசவத்தை முடிக்கச் சொல்லியிருக்கிறது. நான் சிசேரியனைத் தேர்ந்தேன். வீரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. எனக்குச் சர்க்கரை இறங்குவது தெரியாது, வியர்க்காது, நடுங்காது. ஒன்றரை நாள் சாப்பிடாமல் வலியில் கிடப்பதை நினைக்கவே முடியவில்லை. காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டேன். பட்டினி குறையும் என்பதால் அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

அக்கா சொன்னது தாய்க்கு நடப்பது. பிள்ளைக்கும் அப்படி ஒன்று உண்டு. நம் வயிற்றில் கூடுதல் சர்க்கரையில் வளர்ந்த பிள்ளையின் கணையம் இன்சுலினை அதிகமாகச் சுரக்கப் பழகியிருக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், அந்த இன்சுலின் சட்டென்று நிற்காது. அதனால்தான் பிறந்த அரை மணிக்குள் பால் கொடுக்கச் சொல்கிறார்கள். என் மருத்துவச்சி 36-ஆவது வாரத்திலிருந்தே சீம்பாலைக் கையால் பீய்ச்சிச் சிறு சிரிஞ்சுகளில் உறைய வைக்கச் சொன்னார். முதல் நாள் ஐந்தாறு சொட்டுதான் வந்தது, அழுகையே வந்துவிட்டது. கடைசியில் பதினொரு சிரிஞ்சு சேர்ந்தது. பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியபோது முதலில் போனது அதுதான். ஆஸ்திரேலியாவில் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், வேறு ஆபத்து இல்லாத சர்க்கரைக் கர்ப்பிணிகளுக்கு இதனால் தீங்கு தெரியவில்லை என்றார்கள். உங்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தையல் மூன்று வாரம் பாடாய்ப் படுத்தியது. குனிந்து தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்க முடியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளாமை:
எனக்கு இரண்டும் மருந்து வைத்துப் பிறந்தவை. மூத்தவன் பிரசவத்தில் தலை வந்தது, தோள் சிக்கிக்கொண்டது. முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு அழுத்தி, அடிவயிற்றுக்கு மேலே ஒருவர் கையால் அமுக்கி எடுத்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது என்றார் கணவர், எனக்கு ஒரு யுகம். பிள்ளையின் வலது கை மூன்று மாதம் தொங்கியே கிடந்தது, பிறகு சரியாகிவிட்டது. சர்க்கரைத் தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தோளிலும் உடம்பிலும் சதை கூடுதலாக வைப்பதால் இது நடக்கிறதாம். அமெரிக்காவில் மதிப்பிட்ட எடை 4.5 கிலோவைத் தொட்டால் சிசேரியன் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் ஸ்கேன் எடை இரண்டு பக்கமும் பிசகும். ஊசிக்காரிக்குக் கூட்டிச் சொன்னது, எனக்குக் குறைத்துச் சொன்னது.

இரண்டாவதுக்குக் கர்ப்பப்பை வாய் ஏற்கெனவே மென்மையாக இருந்தது. ஒன்பது மணி நேரத்தில் முடிந்தது. முதல் பிள்ளைக்காரிக்கு அது மூடிக் கிடந்தால் கதையே வேறு. உள்பரிசோதனை செய்து பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லம்மா.

தாமிரபரணி:
அக்காமார் எல்லோருக்கும் நன்றி. இன்று டாக்டரிடம் போனேன். வாய் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறதாம். 24 மணி நேரம் பார்ப்பது, அசையவில்லை என்றால் எனக்காகக் காத்திருக்காமல் சிசேரியன் என்று முடிவாகிவிட்டது. வியாழன் காலை சேர்க்கிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய இன்சுலின் அளவைக் கேட்டதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார், பிறகு எழுதிக் கொடுத்தார். 26 யூனிட், தேவைப்பட்டால் இன்னும் குறைக்கலாம். மூன்று நகல் எடுத்துவிட்டேன், ஒன்று கட்டில் தலைமாட்டில் ஒட்ட. பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஆறு.

ஜோசியர் வெள்ளிக்கிழமை காலையைத்தான் குறித்துக் கொடுத்திருக்கிறாராம். 24 மணி நேரக் கணக்கை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.