மர நிழலில் களிமண்: மாரிக்கு முன்னம் என்ன செய்யலாம்?

கேள்வி:
மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கட வளவு. பின்பாதி முழுக்க நாவலும் வேம்பும். மத்தியானத்திலயும் வெயில் புள்ளி புள்ளியாத்தான் விழும். கோடையில விரல் போற அளவு வெடிப்பு, மாரியில களி செருப்பைப் பிடுங்கும். மஞ்சள், இஞ்சி வைக்க ஆசை. ஆத்துமணல் ஒரு லோட் கொட்டினா மண் இளகுமா?

பதில்:
மணல் வேணாம் தம்பி. களியில கொஞ்ச மணல் சேர்ந்தா இன்னும் இறுகும். மக்கின சாணமும் இலைக்குப்பையும் தாராளமாப் போடுங்க, கருக்கின உமி கிடைச்சா அதுவும். ஈரமா இருக்கக்குள்ள மட்டும் கொத்திப்போடாதீங்க! ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில உருட்டுங்க. திரி மாதிரி நீண்டா மண்வெட்டியைக் கீழ வச்சிருங்க; உதிர்ந்தா கொத்தலாம்.

பதில்:
அக்கா சொன்னது சரி. ஆனா ஆழக் கொத்த வேணாம், மரம் சாப்பாடு எடுக்கிற வேர் மேல்மண்ணிலதான் கிடக்கு. அடிமரத்தை விட்டுத் தள்ளி, ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்க. ஒக்டோபர் மழைக்கு முன்னம் வாய்க்கால் வெட்டியாகணும். தண்ணி நின்றா இஞ்சி அழுகிரும். தாழ்ந்த கொப்புகளையும் கழிச்சு விடுங்க. மஞ்சள் நிழல் தாங்கும்தான், இருட்டில கிழங்கு பருக்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா, அண்ணன். வேம்பு இலையை எரிக்காமக் குவிக்கிறன்.