நாடக அரங்க நிர்வாகத்தில் இறங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அரைத்திரை:
வணக்கம். கணக்கியல் படித்துவிட்டு இரண்டு வருடமாக அலுவலக வேலையில் இருக்கிறேன். கல்லூரியில் மூன்று நாடகங்களுக்கு மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தேன், நடிக்க ஆசை வந்ததே இல்லை. ஆனால் விளக்கு அணைந்த பத்து நொடிக்குள் மேசையை நகர்த்தி, இரண்டு நாற்காலியைக் குறித்த இடத்தில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடையோர மறைவான விங்கில் வந்து நின்றபோது மனசு நிறைந்த மாதிரி இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளும் நிறையவில்லை. இதையே தொழிலாக எடுத்துக்கொள்ள முடியுமா? அரங்க நிர்வாகத்துக்கென்றே படிப்புகள் இருக்கின்றன, அதில் சேர வேண்டுமா, நேராக ஒரு குழுவில் சேர்ந்துவிடலாமா? ஸ்டேஜ் மேனேஜர், புரொடக்ஷன் மேனேஜர், தயாரிப்பாளர், இவர்களுக்குள் என்ன வித்தியாசம் என்பதே எனக்கு இன்னும் தெளிவாக இல்லை. வீட்டில் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

விங்ஓரம்:
முதலில் வித்தியாசம். தயாரிப்பாளர் பணம், உரிமை, ஆட்கள் எல்லாம் திரட்டி இந்த நாடகம் நடக்கும் என்று முடிவெடுப்பவர். வடிவமைப்பாளர் வரைந்த செட்டை இருக்கிற பணத்தில், இருக்கிற நாட்களுக்குள் கட்டி நிறுத்துவது புரொடக்ஷன் மேனேஜர் பொறுப்பு. ஸ்டேஜ் மேனேஜர் ஒத்திகையின் முதல் நாளிலிருந்து கடைசிக் காட்சி வரை கூடவே இருப்பவர். நாடகம் அரங்கேறியதும் இயக்குநர் பெரும்பாலும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார், அப்புறம் அவர் விட்டுப்போன மாதிரியே தினமும் நடக்கிறதா என்று பார்ப்பது ஸ்டேஜ் மேனேஜர்தான்.

நான் பதினொரு வருடமாக அந்த வேலையில் இருக்கிறேன். கையில் ப்ராம்ப்ட் புக் என்று ஒரு தடித்த கோப்பு. ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் யார் எங்கிருந்து வந்து எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லில் எந்த விளக்கு மாறுகிறது, எல்லாம் பென்சிலில். ஒத்திகையில் தினமும் ஏதாவது மாறும் என்பதால் பேனா பக்கமே போகாதீர்கள். காட்சி நேரத்தில் ஹெட்செட்டில் "ஸ்டாண்ட்பை லைட் 42, சவுண்ட் 17" என்பேன், அதாவது 42ஆவது விளக்கு மாற்றத்துக்கும் 17ஆவது ஒலிக்கும் தயாராகுங்கள் என்று. விளக்கையும் ஒலியையும் இயக்கும் இரண்டு பேரும் பதில் குரல் கொடுப்பார்கள். நடிகை கடிதத்தை மடித்து முடிக்கும் அந்த நொடியில் "லைட் 42, சவுண்ட் 17, கோ". அந்தக் 'கோ'வை ஹெட்செட்டில் வேறு எதற்கும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் யாராவது ஒருவர் பொத்தானை அழுத்திவிடுவார்.

ஒரு முறை படி விளிம்பில் ஒட்டியிருந்த ஒளிரும் டேப் பிய்ந்து கிடந்ததை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இருட்டில் ஒரு நடிகருக்குப் படி தவறி, கணுக்கால் பிசகி, பாக்கி நாடகத்தை வலியோடு நடித்து முடித்தார். அன்றிலிருந்து எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நானே ஒவ்வொரு வழியிலும் நடந்து பார்த்த பிறகுதான் பார்வையாளர்களை உள்ளே விடச் சொல்வேன்.

படிப்பு வீண் இல்லை. தலைக்கு மேல் தொங்கும் பாரங்களை எப்படிக் கையாள்வது, விளக்குகளைக் கட்டுப்படுத்தும் பலகையை எப்படி இயக்குவது என்பதையெல்லாம் பொறுமையாகக் கற்றுக்கொள்ள அது நல்ல இடம். ஆனால் சேருவதற்கு முன்னால் இரண்டு நாடகத்துக்காவது உதவி ஸ்டேஜ் மேனேஜராக இருந்து பாருங்கள். நடிப்பவர்கள் பதற்றத்தில் கத்தும்போதும் உங்கள் குரல் உயராமல் இருக்குமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

வரவுசெலவு:
கணக்கியல் படித்தவர் என்கிறீர்கள், அதை ஏன் மூட்டை கட்டி வைக்கிறீர்கள்? இந்தத் தொழிலில் கணக்கு தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். ஒரு நாடகத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. திரை எழும் நாள் வரை ஆகும் செலவு ஒன்று, அப்புறம் வாரா வாரம் ஆகும் நடப்புச் செலவு இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு, அரங்கம் நிறைந்தும் கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நியூயார்க்கின் பிராட்வே அரங்கங்களில் வாரத்துக்கு 8 காட்சி வழக்கம். அதே கணக்கில் 400 இருக்கை அரங்கம் என்றால் வாரத்தில் 3,200 டிக்கெட், அதில் எத்தனை விற்றால் நடப்புச் செலவு கட்டும் என்ற எண் தயாரிப்பாளருக்குத் தூக்கத்திலும் தெரிந்திருக்க வேண்டும். இலவச டிக்கெட்டை அதிலிருந்து கழிக்க மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, ஊர் ஊராகப் போகும் நாடகமென்றால் செட் கட்டும் முன்பே ஒவ்வொரு அரங்கத்திலும் சரக்கு ஏற்றி இறக்கும் கதவின் அளவைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் இருந்த ஒரு குழுவில் கதவின் உயரம் கைமுழம் குறைவாக இருந்ததால், ராத்திரி இரண்டு மணிக்குத் தச்சர்கள் செட்டின் சுவரை அறுத்து உள்ளே கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். அவர்களுக்குக் கொடுத்த கூடுதல் நேரக் கூலி பட்ஜெட்டில் எங்கேயும் இல்லை. அவசரச் செலவுக்கென்று பத்து சதவீதமாவது ஒதுக்கி வைக்கச் சொல்வது அதனால்தான்.

முன்வாசல்:
எல்லாரும் மேடையையே பேசுகிறீர்கள். பார்வையாளர் பக்கத்தைக் கவனிக்கும் ஹவுஸ் மேனேஜர் வேலையும் இருக்கிறது, நான் அதில் இருக்கிறேன். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா தியேட்டரில் பகல் காட்சி நடக்கும்போது தீப்பிடித்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நிறையக் குழந்தைகள். தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது, வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன. உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பி வைத்த கதவுகள் அமெரிக்காவில் பரவலானது அதற்குப் பிறகுதான். தினமும் கதவு கதவாகத் தள்ளிப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குழந்தைகள் நினைவு வரும். இந்த வேலைக்கு வருகிறவர் அந்தப் பொறுப்போடு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பெரும்பாலான வேலை ஒப்பந்தம்தான், ஒரு நாடகம் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை இடைவெளி விழும். ஊர் ஓய்வெடுக்கும் நாட்களில் உங்களுக்கு வேலை இருக்கும். அரங்கத்தின் நிரந்தர ஊழியராக இருந்தால் மாதச் சம்பளம் உண்டு, என்னைப் போல.

அரைத்திரை:
எல்லாருக்கும் நன்றி. விங்ஓரம் அக்கா, அண்ணா, எப்படிச் சொல்வது தெரியவில்லை, மன்னிக்கவும். ஒரே ஒரு கேள்வி. வேலையை விடாமல் மாலையில் உதவி ஸ்டேஜ் மேனேஜராக இருக்க முடியுமா?

விங்ஓரம்:
அக்காதான். ஒத்திகை மாலையில் நடக்கும் சிறிய குழுவென்றால் முடியும். ஆனால் அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் விடுப்பு எடுத்துவிடுங்கள். விளக்கையும் ஒலியையும் சேர்த்துச் சரிபார்க்கும் டெக்னிக்கல் ஒத்திகையில் ஒரே விளக்கு மாற்றத்துக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டிவரும், அப்போது காலையில் அலுவலகம் என்ற நினைப்பு தலைக்குள் இருக்கக் கூடாது. போகும்போது பென்சில், அழிப்பான், சின்ன டார்ச், கறுப்புச் சட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.