நெருக்கடி நேரத்தில் கிழமைக் கடன்: கடையைக் காப்பாற்றியதா, கவிழ்த்ததா?

ஹட்டன் தையல்காரி:
2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியைப் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மா விலை எல்லாம் வந்துவிட்டது. நுண்நிதிக் கம்பனிகள் கொடுத்து, கிழமைக்குக் கிழமை தவணை வாங்கும் கிழமைக் கடனைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் தொடங்குகிறேன்.

2021 கடைசியில் ஐந்து பெண்கள் சேர்ந்த குழுவில் 50,000 ரூபாய் எடுத்தேன். இரண்டாவது மெசினும் கொஞ்சம் துணியும் வாங்கத்தான். வட்டி 24 வீதம் என்றார்கள். 12,000 வட்டியையும் சேர்த்து 62,000 ரூபாய், 52 கிழமை, கிழமைக்குக் கிட்டத்தட்ட 1,200. வருடம் முழுக்க அந்த 50,000 என் கையில் இருந்தால்தானே அது 24 வீதம்? முதல் கிழமையிலிருந்தே நான் முதலையும் திருப்பிக் கட்டுகிறேனே. குறைந்துகொண்டு போகும் மீதிக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 44 வீதம் வருகிறது. இதை எனக்குச் சொன்னது கடன் கொடுத்த கம்பனி இல்லை, ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் என் மகள்.

2022 ஏப்ரலுக்குப் பிறகு தீபாவளி வரைக்கும் புதுச் சட்டை தைக்க ஒருவரும் வரவில்லை. கிழிசல் தைக்கத்தான் வந்தார்கள். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவள் பங்கைப் போட வேண்டும். ஒரு வியாழக்கிழமை இரவு எட்டு மணி வரைக்கும் வசூலிக்க வந்தவர் எங்கள் இஸ்தோப்பிலேயே (வீட்டு முன் திண்ணையிலேயே) உட்கார்ந்திருந்தார். என் தோடு அடகுக்குப் போனது மறுநாள் காலையில். நெருக்கடி நேரத்தில் சின்னத் தொழில் செய்பவர்களுக்கு இப்படிக் கடன் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

தலவாக்கலை கடைக்காரர்:
தங்கச்சி, அந்த இஸ்தோப்புக் கதை யாருக்கும் வரக்கூடாது. ஆனால் கொடுக்கவே கூடாது என்பதை நான் ஏற்க மாட்டேன். வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்கிறார்கள். தோட்டத்து லயத்தில், கம்பனி வரிசை வீட்டில் பிறந்தவன் உறுதிக்கு எங்கே போவது? இல்லாவிட்டால் அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். என் சொந்தத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

2022 பெப்ரவரியில் கிழமைக் கடனாக 75,000 எடுத்து அரிசி, பருப்பு, சவர்க்காரம் வாங்கி அடுக்கினேன். மார்ச்சில் ரூபாயைத் தளர விட்டார்கள். 200 ரூபாயில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. அந்தச் சரக்கு இல்லாவிட்டால் கடையை மூடியிருப்பேன். செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உங்கள் மகள் சொன்ன 44 அதைவிடக் குறைவுதானே?

ஹட்டன் தையல்காரி:
அண்ணே, 70 வீதம் ஏறியது உங்கள் பருப்புக்கு. என் தையல் கூலிக்கு ஏறவில்லை. 2021 மார்ச்சில் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அது 1,350 ஆனது 2024 செப்டெம்பரில்தான். நடுவில் மூன்றரை வருடம் அதே ஆயிரம். அதில் பெரும் பங்கு அரிசிக்குப் போனால் தைப்பதற்கு யார் வருவார்? விலை ஏறினால் கடன் இலேசாகும் என்ற கணக்கு, விற்கிற பொருளின் விலையை ஏற்ற முடிந்தவருக்குத்தான் பொருந்தும்.

தலவாக்கலை கடைக்காரர்:
அது நியாயம்தான். ஆனால் எல்லாம் என் மடியில் விழுந்தது என்று நினைக்காதீர்கள். என் கணக்குக் கொப்பியில் நாற்பது வீடு. சம்பள நாளான 10ஆம் திகதிதான் காசு வரும். அதுவரைக்கும் ஒரு சதம் வட்டியில்லாமல் சாமான் கொடுக்கிறேன். கம்பனிக்கோ ஒவ்வொரு கிழமையும் கட்ட வேண்டும்.

முன்னாள் வசூல் அலுவலர்:
நான்கு வருடம் பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் இந்த வேலை செய்தவன். இஸ்தோப்பில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் அக்கா. அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். வசூல் குறைந்தால் கிளையில் பதில் சொல்ல முடியாது, அந்த மாதக் கொமிசனும் போய்விடும்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2022 நடுவில் எங்கள் கம்பனி புதுக் கடனை நிறுத்தியது. பழைய கடனை முடித்தால் உடனே அடுத்தது கிடைக்கும் என்று நம்பி, கடைசி ஐந்தாறு தவணையை நாள்வட்டிக்கு வாங்கிக் கட்டிய பெண்களை எனக்குத் தெரியும். அடுத்த கடன் வரவில்லை. நாள்வட்டி மட்டும் மிஞ்சியது. கொடுத்ததைவிட, திடீரென்று நிறுத்தியதில் உடைந்தவர்கள் என் பகுதியில் அதிகம். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது, 2018 கடைசியில் மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பும் கொண்டுவந்தது. அந்த வரம்பு மத்திய வங்கியின் அனுமதி பெற்ற கம்பனிகளுக்குத்தான். நாள்வட்டிக்காரரை அது எட்டவில்லை. கம்பனியை மூடிவிட்டால் மக்கள் அந்த வாசலுக்குத்தான் போவார்கள்.

கந்தப்பளை விவசாயி:
எல்லோரும் வட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்குச் சண்டை தவணை நாளோடு. கரட் போட்டால் பிடுங்க மூன்று மாதமாவது வேண்டும். கடன் எடுத்த அடுத்த வியாழனே முதல் தவணை. அப்புறம் என்ன நடக்கும்? எடுத்த கடனிலேயே பன்னிரண்டு கிழமைத் தவணையை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் விதையும் உரமும் வாங்க வேண்டும். 2021 மேயில் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அந்தப் போகம் கரட் விரல் தடிப்பில் வந்தது. பயிர் நட்டமானது ஊருக்கே தெரியும், வசூலுக்கு வந்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

கிழமைத் தவணை யாருக்குச் சரி? பஸ் நிலையத்தில் வடை சுட்டு விற்பவருக்குச் சரி, அவருக்கு அன்றன்றைக்குக் காசு புரளும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது அவராலும் முடியவில்லை. அது வேறு விசயம்.

முன்னாள் வசூல் அலுவலர்:
மாதத் தவணை வைத்துப் பார்த்தோம் ஐயா. 10ஆம் திகதி சம்பளம் வந்தால் 12ஆம் திகதி கையில் ஒன்றும் இருக்காது. சிறுகச் சிறுகக் கட்டினால் பாரம் தெரியாது என்றுதான் கிழமைக்கு மாற்றினார்கள்.

ஹட்டன் தையல்காரி:
தம்பி, இதை மட்டும் என்னால் விட முடியாது. ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் பிள்ளையை ஏ.எல். வரைக்கும் படிக்க வைத்த பொம்பளைக்குக் காசை வைத்திருக்கத் தெரியாதா? எங்கள் லயத்தில் மாதம் 11ஆம் திகதி சீட்டு. பத்துப் பேர், ஆளுக்கு 2,000. 2022இலும் ஒரு மாதம் தவறவில்லை. யாராவது முடியாது என்றால் எங்களுக்குள் பேசி முறையை மாற்றிக்கொண்டோம். பிள்ளைக்குச் சுகமில்லாதவளுக்கு முதலில் கொடுத்தோம். 2021இல் ஹிங்குராக்கொடையில் இந்த நுண்கடனுக்கு எதிராகப் பெண்கள் ஐம்பது நாளுக்கு மேல் சத்தியாக்கிரகம் இருந்தது, காசு வைத்திருக்கத் தெரியாமலா?

தலவாக்கலை கடைக்காரர்:
சீட்டு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 20,000இல் மெசின் வாங்க முடியாது, என் கடைக்குச் சரக்கும் போட முடியாது. கடன் வேண்டும்.

ஹட்டன் தையல்காரி:
சரி, முதலில் எழுதியதில் ஓர் இடத்தைத் திருத்துகிறேன். கொடுக்கவே கூடாது என்றதை எடுத்துவிடுகிறேன். வருமானம் வருகிற நாளைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஒருத்தியின் கடனை நாலு பேர் தலையில் கட்டக் கூடாது. இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தோடு இன்னும் திரும்பி வரவில்லை.

கந்தப்பளை விவசாயி:
மூன்றாவதும் சேருங்கள். ஒப்பந்தத்தை நமக்குத் தெரிந்த பாஷையில் கொடுக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட தாள் சிங்களத்தில் இருந்தது.

தலவாக்கலை கடைக்காரர்:
போன கிழமை ஒரு கம்பனியிலிருந்து வந்து இரண்டு இலட்சம் தருகிறோம் என்றார்கள், கிழமைத் தவணைதான். திங்கட்கிழமை வருவார்கள். மாதம் 12ஆம் திகதி தவணை, குழுப் பிணை இல்லை, தாள் தமிழில், குறையும் மீதிக்கு வட்டி எவ்வளவு என்று எழுத்தில். இந்த நாலையும் கேட்கப்போகிறேன். என்ன சொல்கிறார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.