வளைந்த கூரையில் பேனல்களுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி வைப்பது எப்படி? (ரைனோ, கிராஸ்ஹாப்பர்)

கூரைக்கோடு எழுதியது:

வணக்கம். ரைனோ என்ற முப்பரிமாண வரைமென்பொருளிலும் அதற்குள் இயங்கும் கிராஸ்ஹாப்பரிலும் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமும் 11 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு திறந்த மண்டபத்துக்குக் கூரை வரைந்துகொண்டிருக்கிறேன். கூரையின் ஒரு முனை குமிழ்போல மேலெழுந்து, மறுமுனையில் குதிரைச் சேணம்போல வளைகிறது. பரப்பை டிவைட் டொமைன் (கட்டங்களாகப் பிரிக்கும் கருவி) மூலம் 24-க்கு 16 எனப் பிரித்து, ஐசோடிரிம் (அந்தக் கட்டங்களை வெட்டும் கருவி) கொண்டு 384 துண்டுகளாக வெட்டினேன். பிறகு ஒவ்வொரு துண்டையும் அதன் மையத்திலிருந்து 0.97 மடங்காகச் சுருக்கினேன். திரையில் பார்க்க அழகாகவே இருந்தது. அளந்து பார்த்தால் சில இடங்களில் இடைவெளி 12 மில்லிமீட்டராகவும், குமிழின் உச்சியில் 42 மில்லிமீட்டராகவும் இருக்கிறது. எனக்கு எல்லா இடத்திலும் 20 மில்லிமீட்டர் வேண்டும். பேனல்கள் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள, கண்ணாடி இழை கலந்த கான்கிரீட் பலகைகள். செலவு கருதி அவை அனைத்தையும் தட்டையாகவே வார்க்க முடிவு செய்திருக்கிறோம். சுருக்கும் விகிதத்தை ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டால் சரியாகிவிடுமா, அல்லது வழியே தவறா?

விளிம்பளவு எழுதியது:

வழியே தவறு என்றுதான் சொல்ல வேண்டும். விகிதத்தைத் தனித்தனியாகக் கணக்கிட்டாலும் அது சரியாகாது. 0.97 மடங்கு என்றால் பேனலின் அகலத்தில் 3 விழுக்காடு போகிறது. 400 மில்லிமீட்டர் பேனலில் அது 12, 1400 மில்லிமீட்டர் பேனலில் அது 42. உங்கள் இரண்டு எண்களும் இங்கிருந்துதான் வருகின்றன. ஒரே பேனல் 1400-க்கு 600 என்ற அளவில் இருந்தால் ஒரு திசையில் 42, மறு திசையில் 18 கிடைக்கும். ஆகவே அந்தப் பேனலுக்கு மட்டும் எந்த விகிதத்தைக் கொடுத்தாலும் நான்கு பக்கமும் ஒன்றாக வராது. இரு திசைக்கும் வெவ்வேறு விகிதம் கொடுக்கலாமே என்று தோன்றும். செவ்வகமாக இருந்தால் அதுவும் போதும், ஆனால் வளைபரப்பில் வெட்டிய துண்டுகள் பெரும்பாலும் செவ்வகமாக இருப்பதில்லை.

ஐசோடிரிம்முக்கு முன்பே டொமைனை, அதாவது ஒவ்வொரு கட்டத்தின் எண் எல்லையை, சுருக்கும் வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும், ஏனெனில் பரப்பில் இடத்தைக் குறிக்கும் யூ, வி எண்கள் நீளங்கள் அல்ல. பரப்பு விரிந்திருக்கும் இடத்தில் 0.01 என்பது அதிக மில்லிமீட்டர், நெருங்கியிருக்கும் இடத்தில் குறைந்த மில்லிமீட்டர்.

இடைவெளியை விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். பேனல்கள் தட்டையானவை என்பதால் உங்களுக்கு இது எளிது. ஒவ்வொரு துண்டின் நான்கு மூலைப் புள்ளிகளையும் எடுத்து, பிளேன் ஃபிட் மூலம் அவற்றுக்கு மிக நெருக்கமான தளத்தைக் கண்டுபிடித்து, புள்ளிகளை அந்தத் தளத்தின் மீது வீழ்த்தி, மூடிய பாலிலைனாக (நேர்கோட்டுத் துண்டுகளால் ஆன கோடாக) இணையுங்கள். அதை ஆஃப்செட் கர்வ் (கோட்டை இணையாக நகர்த்தும் கருவி) கொண்டு உள்நோக்கி 10 மில்லிமீட்டர் நகர்த்தி, மூலைகளுக்குக் கூர்மையான தெரிவைக் கொடுங்கள். அதே தளத்தை ஆஃப்செட் கர்வின் பிளேன் உள்ளீட்டிலும் இணைக்க மறக்காதீர்கள். இணைக்காவிட்டால் அது மென்பொருளின் கிடைமட்ட அடிப்படைத் தளத்தில் கணக்கிட்டுச் சாய்ந்த பேனல்களில் அபத்தமான கோடுகளைத் தரும். கோப்பின் அலகு மீட்டராக இருந்தால் 10 என்பது பத்து மீட்டர் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தத் தவறைச் செய்யாத ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தடுத்த பேனல்கள் வெவ்வேறு சாய்வில் இருப்பதால் உண்மையான நேர்த்தூரம் 20-ஐவிடச் சற்றே குறையும். இரண்டுக்கும் நடுவே 8 பாகைத் திருப்பம் இருந்தால்கூட அது 19.95 தான், கவலைப்பட வேண்டியதில்லை.

முகப்புப் பட்டறை எழுதியது:

மேலே சொன்ன முறை சரியானது. ஆனால் அது கோட்டில் நின்றுவிடுகிறது. கட்டுமான இடத்தில் பொருத்தும்போது பேனலுக்குத் தடிமன் உண்டு. முகப்புப் பேனல்களைத் தயாரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பேனலின் பக்கங்களை முகத்துக்குச் செங்குத்தாக வெட்டினால், வெளிமுகத்தில் 20 மில்லிமீட்டராக இருக்கும் ஜாயின்ட் (பேனல்களின் இடைவெளி) பின்முகத்தில் 20 ஆக இருக்காது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, தடிமனின் இரு மடங்கை, இரண்டு பேனல்களின் நார்மல்களுக்கு (முகத்துக்குச் செங்குத்தான திசைகளுக்கு) இடைப்பட்ட கோணத்தில் பாதியின் டேன்ஜென்ட்டால் பெருக்க வேண்டும். உங்கள் குமிழில் வளைவு ஆரம் 5 மீட்டர், பேனல் அகலம் 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோணம் ஏறத்தாழ 8 பாகை. 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு வித்தியாசம் 3.5 மில்லிமீட்டர். அதாவது குமிழ்ப் பகுதியில் ஜாயின்ட் பின்புறம் 16.5 ஆகக் குறுகும். சேணப் பகுதியில் பரப்பு ஒரு திசையில் குவிந்தும் மறு திசையில் குழிந்தும் இருப்பதால், ஒரே பேனலின் இரண்டு பக்கங்களில் பின்புறம் குறுகும், மற்ற இரண்டில் 23.5 வரை விரியும். 20 மில்லிமீட்டர் ஜாயின்ட்டுக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இதே கூரையில் அழகுக்காக 3 மில்லிமீட்டர் ஜாயின்ட் கேட்டிருந்தால், பேனல்களின் பின்விளிம்புகள் ஒன்றையொன்று முட்டி, பொருத்தவே முடியாமல் போயிருக்கும்.

அண்டைப் பேனல்களின் கோணத்தை இரு சமமாகப் பிரிக்கும் தளத்துக்கு இணையாக இரண்டு பக்கங்களையும் சாய்த்து வெட்டினால் ஜாயின்ட் தடிமன் முழுதும் ஒரே அளவாக இருக்கும். ஆனால் 384 பேனலுக்கும் நான்கு பக்கமும் வெவ்வேறு சாய்வு என்றால் அச்சுப் பலகைகளின் செலவு எங்கோ போய்விடும். ஆகவே செங்குத்தாகவே விட்டுவிட்டு, மாடலின் பரப்பு வெளிமுகத்தைக் குறிக்கிறதா பின்முகத்தைக் குறிக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானித்து, வரைபடத்தில் எழுதிவிடுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி இதை எழுதாததால் வந்தவை.

20 மில்லிமீட்டர் எதற்கு என்பதையும் கட்டுமானப் பொறியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஜாயின்ட் என்பது வார்ப்பின் அளவுப் பிழை, சட்டகத்தின் பிழை, வெப்பத்தால் வரும் அசைவு மூன்றையும் விழுங்க வேண்டிய இடம். 3 மீட்டர் அலுமினியப் பேனல் 50 பாகை செல்சியஸ் வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் நீளும். சிமென்ட் பலகை அதைவிடக் குறைவாகவே நீளும், ஆனால் ஈரத்தாலும் உலர்வாலும் அசையும்.

கூரைக்கோடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பிளேன் ஃபிட் முறையைச் செய்து பார்த்தேன். மூன்று சந்தேகங்கள். சில பேனல்கள் உள்நோக்கிச் சுருங்காமல் வெளிநோக்கிப் பெருகி, பக்கத்துப் பேனலோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. கூரையின் வெளிவிளிம்பும் 10 மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது. அங்கே ஓரத் தகடு பொருந்த வேண்டியிருப்பதால் அது நகரக்கூடாது. சேணப் பகுதியில் நான்கு பேனல்கள் கூடும் இடத்தில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் படிபோலத் தெரிகிறது.

விளிம்பளவு எழுதியது:

முதலாவது, கோட்டின் சுற்றுத் திசையால் வருவது. ஒவ்வொன்றுக்கும் +10, −10 இரண்டையும் கணக்கிட்டு, பரப்பளவு சிறியதை வைத்துக்கொள்ளுங்கள். நார்மலைச் சரிசெய்து திசையை ஒழுங்குபடுத்துவதுதான் முறையான வழி என்பார்கள், ஆனால் இந்த ஒப்பீடு ஏமாற்றுவதில்லை.

இரண்டாவதற்கு ஆஃப்செட் கர்வ் உதவாது, ஏனெனில் அது எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவு நகர்த்தும். நான்கு பக்கங்களையும் தனித்தனிக் கோடுகளாகப் பிரியுங்கள். பக்கத்தின் திசையையும் தளத்தின் நார்மலையும் கிராஸ் புராடக்ட் செய்தால் அந்தப் பக்கத்துக்குச் செங்குத்தான திசை கிடைக்கும். அது பேனலின் நடுவை நோக்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை அந்தத் திசையில் அதற்குரிய அளவு நகர்த்தி, அடுத்தடுத்த கோடுகள் வெட்டும் புள்ளிகளைப் புதிய மூலைகளாக எடுங்கள். எந்தப் பக்கம் கூரையின் ஓரம் என்பது பேனலின் வரிசை எண்ணிலேயே இருக்கிறது: ஒரு திசையில் 0, 23, மறு திசையில் 0, 15. அவற்றுக்கு 0 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு 10. பிற்பாடு பொறியாளர் நடுவில் ஒரு வரிசைக்கு மட்டும் அகலமான ஜாயின்ட் கேட்டாலும் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாவதை இடைவெளியால் தீர்க்க முடியாது. முறுக்கிய நாற்கரத்தைத் தட்டையாக்கியதன் விலை அது. மூன்று மூலைகள் அமையும் தளத்திலிருந்து நான்காவது மூலை எவ்வளவு விலகுகிறது என்று அளந்து பாருங்கள். அது 6 மில்லிமீட்டர் என்றால், நெருங்கிய தளத்திலிருந்து ஒவ்வொரு மூலையும் ஏறத்தாழ 1.5 மேலும் கீழும் விலகும். அண்டைப் பேனலின் அதே மூலை எதிர்ப்பக்கம் விலகுவதால் படி 3 மில்லிமீட்டர் ஆகும்.

நூலிழை எழுதியது:

படியைக் குறைக்க இரண்டு வழிகள்: அந்தப் பகுதியில் பேனல்களைச் சிறிதாக்குவது, அல்லது முக்கோணங்களாகப் பிரிப்பது. முக்கோணம் எப்போதும் தட்டையானது, ஆனால் ஜாயின்ட் கோடுகள் அதிகமாகும், ஒரு முனையில் ஆறு பேனல்கள் கூடும்.

வளைந்த பேனலாகவே செய்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், கட்டக் கோடுகளைச் சுற்றி 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள பைப் உருவாக்கி, அதனால் பரப்பை வெட்டும் வழி உண்டு. இடைவெளி துல்லியமாக வரும், பேனல் பரப்பிலேயே கிடக்கும். ஆனால் 384 துண்டுகளுக்குக் கணினி நெடுநேரம் திணறும்.

பரப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே ஜாயின்ட்டை யோசித்தவர்களும் உண்டு. 1973-இல் திறக்கப்பட்ட சிட்னி ஆப்பரா ஹவுஸின் வளைந்த கூரைக் கூடுகள் அனைத்தையும் ஏறத்தாழ 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து கட்டடக் கலைஞர் ஜோர்ன் உட்சோன் வெட்டி எடுத்ததால், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான் ஓடுகளைத் தாங்கும் பலகங்கள் ஒரே வளைவில் திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டன. பர்மிங்ஹாமின் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் சுமார் 15,000 அலுமினிய வட்டுகளைப் பதித்து, இந்தக் கேள்வியிலிருந்தே தப்பித்துவிட்டார்கள். வட்டுகளுக்கு நடுவே இடைவெளி சீராக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லையே.

கூரைக்கோடு எழுதியது:

கோடுகளைத் தனித்தனியாக நகர்த்தும் முறையில் எல்லா ஜாயின்ட்டும் 20 ஆகிவிட்டது, ஓரமும் நகரவில்லை. அளந்ததில் சேணத்தின் மிக மோசமான மூலை 7 மில்லிமீட்டர் விலகுகிறது, படி 3.5 வருகிறது. அந்த மூன்று வரிசைகளை மட்டும் இரட்டிப்பாகப் பிரித்து, வெளிமுகமே மாடலின் பரப்பு என்று வரைபடத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.