காந்த்-சான்-மார்த்தான்: இரண்டு ஆறுகள் கூடும் பிரெஞ்சுக் கிராமத்தைப் பற்றி அறிந்தவர்கள் உண்டா?

கல்லடிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தம்பியின் மகளுடைய சாமத்தியவீட்டிற்காக நவம்பர் மாத முற்பகுதியில் பாரிசுக்குப் போகவிருக்கிறேன். அங்கே லா சப்பல் பகுதியில் கடை வைத்திருக்கும் தம்பி, ஈபிள் கோபுரத்தையும் லூர்து மாதா கோயிலையும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அவை இரண்டையும் பார்த்து வந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கோ ஆற்றோரமாகக் கிடக்கும் சிறிய ஊர் ஒன்றில் ஒரு பகற்பொழுதைக் கழிக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

சென்ற வருடம் தம்பி அனுப்பிய நாட்காட்டியில் ஒரு படம் இருந்தது. வெள்ளைக் கல்லால் கட்டிய வீடுகள், கருஞ்சாம்பல் நிறக் கூரைகள், அவற்றின் நடுவே கோட்டையா கோயிலா என்று சொல்ல முடியாத ஒரு பெருங்கட்டடம், முன்னால் இரண்டு ஆறுகள் ஒன்றாகும் அகன்ற நீர்ப்பரப்பு. படத்தின் கீழே காந்த்-சான்-மார்த்தான் என்று எழுதியிருந்ததாகத் தம்பிதான் வாசித்துச் சொன்னார். மட்டக்களப்பு வாவியைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை.

இருநூறு பேர் அளவில் மட்டுமே வாழும் ஊர் என்கிறார்கள். அப்படியானால் அவ்வளவு பெரிய தேவாலயம் எதற்கு? புனித மார்ட்டினின் கல்லறை அங்குதான் இருக்கிறதா? பார்க்கத்தக்க வேறு இடங்கள் எவை என்பதையும், பாரிசிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

படுவான்கரையான் எழுதியது:

கல்லடி அண்ணனுக்கு வணக்கம். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தான். தூர் நகரில் பல வருடங்களாக வாழ்கிறேன். நீங்கள் கேட்கும் ஊர் எங்களிடமிருந்து மேற்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். மூன்று முறை போயிருக்கிறேன்.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். உரோமருக்கு முன் அங்கு வாழ்ந்த கோல் மக்களின் மொழியில் ஆறுகள் கூடும் இடத்தைக் ‘கொந்தாத்தே’ என்பார்கள். அது தேய்ந்துதான் ‘காந்த்’ ஆயிற்று. பிரான்சின் மிக நீளமான ஆறாகிய லுவாருடன், தெற்கிலிருந்து வரும் வியன் ஆறு அங்கே கலக்கிறது. களப்பை வைத்து நம் மட்டக்களப்புக்குப் பெயர் வந்ததைப் போல, கூடலை வைத்து அந்த ஊருக்குப் பெயர் வந்திருக்கிறது.

தேவாலயம் ஏன் அவ்வளவு பெரியது என்றால், அது ஊராருக்காகக் கட்டப்பட்டதன்று, யாத்திரிகருக்காகக் கட்டப்பட்டது. தூர் நகரின் ஆயராக இருந்த மார்ட்டின், காந்த் ஊர்க் குருமாருக்குள் மூண்ட சச்சரவைத் தீர்த்து வைக்க அங்கே போன இடத்தில் நோயுற்று, 397 நவம்பர் 8 அன்று இறந்தார். வைக்கோலாவது விரிக்கிறோம் என்று சீடர்கள் கெஞ்சியும் கேளாமல், சாம்பலில் கிடந்தே உயிர்விட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் இறந்ததாகக் கருதப்படும் இடத்தின் மேல், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலுமாக இப்போதுள்ள தேவாலயத்தைக் கட்டினார்கள். 15ஆம் நூற்றாண்டில் அதற்கு மேல் கோட்டைக் கொத்தளங்களை ஏற்றினார்கள். படத்தில் உங்களுக்குக் கோயிலா கோட்டையா என்ற மயக்கம் வந்தது இதனால்தான்.

போனால் நேரே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். வட வாசல் மண்டபத்தில் கொஞ்ச நேரம் நின்று அண்ணாந்து பாருங்கள். மண்டபத்தின் கல் விதானம் முழுவதும் நடுவே நிற்கும் ஒரேயொரு மெல்லிய தூணில் வந்து இறங்குகிறது. இரண்டு கைகளாலும் கட்டிப் பிடிக்கலாம் போலிருக்கும் அந்தத் தூணிலிருந்து, தென்னை மட்டைகள் விரிவதைப் போல விலா எலும்புகளாகக் கல்வளைவுகள் நாலா பக்கமும் கிளம்புகின்றன. சுவர்களில் வரிசையாகச் சிலைகள் நிற்கின்றன. கல்லோ மென்மையான வெண்சுண்ணக்கல். விரலால் தடவினால் மா ஒட்டுவதைப் போல வெள்ளையாக ஒட்டும். தொட வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நானே தொட்டுவிட்டேன்.

அருகே மோன்சொரோ என்ற ஊர் இருக்கிறது. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று நடந்து போகிறவருக்குத் தெரியாது. ஆனால் காந்த் பழைய துரேன் மாகாணத்தையும் மோன்சொரோ ஆஞ்சூ மாகாணத்தையும் சேர்ந்தவை. இன்றும் இரண்டும் வெவ்வேறு மாவட்டங்கள். மோன்சொரோவில் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏழாம் சார்லஸ் மன்னருக்கு நெருங்கியவரான ஜான் த ஷாம்ப் கட்டிய மாளிகை நிற்கிறது. முன்பு அதன் அடிச்சுவரை ஆற்று நீரே தொட்டுக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இடையே வீதி போட்டுவிட்டார்கள். 2016இல் அதைத் தற்காலக் கலைக்கான அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

கல்லறையும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் திருத்தலாம்.

மட்டுநகர் ஆசிரியை எழுதியது:

திருத்த வேண்டியதுதான், தம்பி. மார்ட்டினின் கல்லறை காந்த் ஊரில் இல்லை. நீங்கள் வாழும் தூர் நகரிலேயே இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடிக்கப்பட்ட பழைய பேராலயத்தின் அடியிலிருந்து 1860இல் அதைக் கண்டெடுத்தார்கள். உடல் ஏன் காந்த் ஊரில் தங்கவில்லை என்ற கதைதான் அந்த ஊரின் வரலாற்றிலேயே சுவையானது என்பதால், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நம் வீடுகளில் ‘மார்ட்டின்’ என்றதும் துடைப்பம் ஏந்திய பெரு நாட்டுப் புனிதரான மார்ட்டின் தெ போரஸ் நினைவுக்கு வருவார். இவர் அவரல்லர். இன்றைய ஹங்கேரியில் பிறந்து உரோமப் படையில் சேவகம் செய்தவர். அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்தவர்.

அவர் இறந்த செய்தி கேட்டுப் புவாத்தியே ஊராரும் தூர் ஊராரும் காந்த் ஊருக்கு ஓடி வந்தார்கள். “எங்களிடம் துறவியாக இருந்தவர், எங்களுக்கே உரியவர்” என்றார்கள் முதலாமவர். “உங்கள் ஊரில் இறந்தவர் இருவரை எழுப்பினார், எங்கள் ஊரில் ஒருவரை மட்டுமே எழுப்பினார்; குறைந்ததை இறந்த பிறகாவது எங்களுக்குத் தந்து தீர்க்கட்டும்” என்பது மற்றவரின் வாதம். காணிப் பங்கீட்டில் கூட இப்படிக் கணக்குப் பார்த்து நான் கண்டதில்லை. உடலை நடுவீட்டில் கிடத்திக் கதவைப் பூட்டி இரு பகுதியாரும் காவலிருந்தார்கள். நள்ளிரவில் புவாத்தியே ஊரார் கண்ணயர்ந்துவிட, தூர் ஊரார் உடலைத் தூக்கி யன்னல் வழியாக வெளியே நின்றவர்களிடம் கொடுத்துப் படகில் ஏற்றினார்கள். வியன் ஆற்றில் இறங்கி, லுவாரில் திரும்பி, சங்கீதம் பாடிக்கொண்டே தூர் நோக்கிப் போனார்கள். அந்தப் பாட்டுச் சத்தத்தில்தான் மற்றவர்கள் விழித்தார்களாம். இதை 6ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த கிரகோரியார் தூர் நகரின் ஆயர். ஆகவே கதை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். காந்த் தேவாலயத்தின் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் இந்த நள்ளிரவுக் காட்சியே தீட்டப்பட்டிருக்கிறது. கள்வர் போன பிறகும் கதையை வைத்துக்கொண்டார்கள் காந்த் ஊரார்.

படகு போன வழியெல்லாம் கரையோர மரங்கள் நவம்பரிலும் பூத்தன என்பது மரபு. அந்நாட்களில் இடைக்கிடை வரும் இதமான வெயிலைப் பிரெஞ்சுக்காரர் இன்றும் ‘புனித மார்ட்டினின் கோடை’ என்கிறார்கள்.

கல்லடி ஐயாவின் தம்பிக்கும் ஒரு செய்தி. மார்ட்டினின் பாதிப் போர்வையைப் பிராங்கிய மன்னர்கள் திருப்பண்டமாகக் காத்தார்கள். இலத்தீனில் சிறு போர்வைக்குக் ‘கப்பெல்லா’ என்று பெயர். அது வைக்கப்பட்ட வழிபாட்டிடத்திற்கும் அதே பெயராகி, பிரெஞ்சில் ‘சப்பல்’ என்றாயிற்று. நம்மவர்கள் கறிவேப்பிலையும் கருவாடும் வாங்கும் லா சப்பலின் பெயரில் அந்தக் கிழிந்த போர்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கரையூரான் எழுதியது:

ஆசிரியை அம்மாவின் விளக்கம் அருமை. ஆனாலும் அண்ணருக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஊருக்கு மேலே ஏறினால் இரு ஆறுகளும் கூடும் காட்சியைக் காணலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதே காட்சியில் அவ்வான் என்ற இடத்து அணுமின் நிலையமும் சேர்ந்தே தெரியும் என்பதை நாட்காட்டிக்காரர் சொல்லமாட்டார்கள். பிரான்சின் அரச மின்சார நிறுவனம் கட்டிய முதல் அணு உலை 1963இல் மின்வலையமைப்போடு இணைக்கப்பட்டது அங்கேதான். எனக்கு அந்தக் காட்சி கசந்தது.

காந்த் ஊருக்கு இரண்டு மணித்தியாலம் போதும். மிச்ச நேரத்தில் ஐந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும் ஃபோந்தெவ்ரோ மடத்தைப் பார்த்துவிட வேண்டும். 1101இல் தொடங்கிய அம்மடத்தில் ஆண் துறவிகளும் இருந்தார்கள், ஆனால் தலைமை என்றும் பெண்ணிடமே இருந்தது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி எலினோர், மகன் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் ஆகியோரின் படுத்த கோலச் சிலைகள் அங்கே இருக்கின்றன. எலினோரின் கையில் மட்டும் விரித்த புத்தகம் இருக்கும். நெப்போலியன் காலத்தில் மடத்தைச் சிறைச்சாலையாக்கி, 1963 வரை அப்படியே வைத்திருந்தார்கள்.

கல்லடிவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. உடலைப் படகில் கொண்டுபோன இடத்தில் எனக்கு ஓர் ஐயம். கூடலிலிருந்து தூர் நகரம் ஆற்றின் மேற்பக்கம் என்றால், நீரோட்டத்தை எதிர்த்து ஐம்பது கிலோமீற்றர் எப்படிப் போனார்கள்? என் தகப்பனார் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதை என்னும் கடத்துப் படகில் ஆள் ஏற்றியவர். மாரியில் இழுவை கூடினால் கோல் ஊன்றியே கைகள் காய்த்துப் போகும் என்று சொல்வார்.

படுவான்கரையான் எழுதியது:

ஆற்றுக்காரர் கேட்கும் கேள்வி! கல்லறை விடயத்தில் தவறிவிட்டேன். அம்மாவிடம் பொறுத்துக்கொள்ளக் கேட்கிறேன். இதற்காவது சரியாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அந்த இரவில் எப்படிப் போனார்கள் என்பதை விடுவோம். பிற்காலத்து லுவார்ப் படகோட்டிகளின் வழக்கம் தெளிவாகத் தெரியும். அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி மேற்கு நோக்கிக் கடலுக்குப் போகிறது. அங்கு அதிகம் வீசும் காற்றோ கடலிலிருந்து கிழக்கு நோக்கி வருவது. ஆகவே கீழே போகும்போது நீரோட்டம் இழுத்துச் செல்லும், மேலே வரும்போது பெரிய சதுரப் பாயை விரித்தால் காற்றுத் தள்ளிக்கொண்டு வரும். மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டேயிருக்கும் ஆழமற்ற ஆறு என்பதால் படகுகள் நம் தோணிகளைப் போலத் தட்டையான அடி கொண்டவை; காற்று விழுந்துவிட்டால் கோல்தான், அல்லது நாட்கணக்கில் கரையில் காத்திருத்தல்தான். வெண்கல்லும் வைனும் இப்படித்தான் போயின. ஒல்லாந்தர் 1638இல் நம் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த அதே நூற்றாண்டில், அவர்களுடைய வணிகர் லுவார் கரையில் வைன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1840களின் பிற்பாதியில் புகையிரதம் வந்தது. சிறிது காலத்திற்குள் படகுத் தொழில் படுத்துவிட்டது.

வெள்ளத்தையும் மறக்கக்கூடாது. நம்மிடையே வயதானவர்கள் 1957ஆம் ஆண்டு வெள்ளத்தை வைத்து வயதைக் கணிப்பதைப் போல, லுவார் கரையோருக்கு 1846, 1856, 1866 என்று மூன்று பெருவெள்ளங்கள். கரையூர்களில் நடக்கும்போது சுவர்க் கற்களில் கோடும் ஆண்டும் வெட்டியிருப்பதைப் பாருங்கள்; தலைக்கு மேலே நிற்கும் கோடுகளும் உண்டு.

போகும் வழி இது: மோன்பர்நாஸ் நிலையத்திலிருந்து விரைவுப் புகையிரதத்தில் தூர் வரை ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் எடுக்கும். அங்கிருந்து சோமூர் நகருக்கு வேறு வண்டி. சோமூரிலிருந்து காந்த் ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீற்றர். பழைய பாணி மரப்படகுகளில் ஏற்றிக் காட்டுவது கோடைக்குரியது, நவம்பரில் அதை நம்பிப் போகாதீர்கள்.

மட்டுநகர் ஆசிரியை எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். மார்ட்டினின் திருநாள் நவம்பர் 11. அன்று போனால் பொருத்தம் என்று ஐயா நினைக்கக்கூடும். ஆனால் 1918இல் முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாளும் அதுவே என்பதால் பிரான்சில் அன்று பொது விடுமுறை. கடைகளும் பேருந்துகளும் குறைவாகவே இருக்கும். தம்பியின் வாகனம் கிடைத்தால் அன்றே போகலாம். இல்லையென்றால் முந்தைய நாள் போவது நல்லது. சாமத்தியவீட்டுப் பலகாரத்தில் கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள்.