ஷீட் என்றால் எந்த ஷீட்?

குலசேகரம், ரப்பர்:
எங்க பக்கம் ஷீட் என்றாலே ரப்பர்தான். எண்ணி விற்பதில்லை, எடை போட்டு விற்பது. மரத்துப் பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம் இருக்கும். பாலை அரித்து, தண்ணீர் விட்டு 12.5 சதவீதத்துக்கு இறக்கி, டிஷ்ஷில் (உறைய வைக்கும் தட்டில்) 4 லிட்டர் ஊற்றினால் அரை கிலோ ஷீட். பால் உறைவதற்கு ஃபார்மிக் ஆசிட் 10 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, அதில் 200 மில்லி ஒரு டிஷ்ஷுக்கு. மறுநாள் மெஷினில் ஷீட்டாக அடிப்பதற்கு இந்த அளவு சரி. உறைந்த பிறகு நிற்கும் தண்ணீர் தெளிந்திருக்கணும். வெள்ளையாகக் கலங்கியிருந்தால் ஆசிட் போதவில்லை, ரப்பர் ஓடையில் போகிறது என்று அர்த்தம். மெஷினில் 3 மில்லிமீட்டருக்கு மேல் கனம் விட்டால் உள்ளே ஈரம் காயாது, பூசணம் பிடிக்கும். ஷீட்டைக் காயவைக்கும் புகையறை 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட்டில் குமிழ் வரும். ரப்பர் ஷீட்டை ஆர்.எஸ்.எஸ். (Ribbed Smoked Sheet) என்பதே ‘வரி போட்டுப் புகைத்த ஷீட்’தான், வரி அழகுக்கு இல்லை, பரப்பு கூடிச் சீக்கிரம் காய்வதற்கு.

தக்கலை, கூரை வேலை:
எங்களுக்கு ஷீட் என்றால் தகரம். இது எடைக்கணக்கும் இல்லை, அடிக்கணக்கு. கூரையின் பரப்பை மட்டும் வகுத்து ஆர்டர் போட்டால் கட்டாயம் குறையும். பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம் கழிந்துபோகும். மேல் ஷீட் கீழ் ஷீட்டின்மேல் 15 சென்டிமீட்டராவது ஏறணும். ஸ்க்ரூவை மேட்டில் அடிக்கணும், பள்ளத்தில் அடித்தால் முதல் மழையிலேயே ஒழுகும். காற்று பலமான ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால், காற்று வரும் பக்கத்துக்கு எதிர் ஓரத்திலிருந்து போட்டு வரணும். மாற்றிப் போட்டால் காற்று இடுக்கில் புகுந்து தூக்கிவிடும்.

நாகர்கோவில், ஜெராக்ஸ்:
20 ஷீட் வேண்டும் என்பார்கள். ஷீட் என்பது தாள், பக்கம் இல்லை. முன்னும் பின்னும் எடுத்தால் 40 பக்கம். இதைக் கேட்காமல் மெஷினைத் தட்டக் கூடாது. எக்ஸெல் ஷீட் என்றால் இன்னும் மோசம். ஒரே ஷீட்டைப் பிரின்ட் கொடுத்தால் பத்துத் தாளுக்கு ஓடும்.

குளச்சல், மொழிபெயர்ப்பு:
எல்லாரும் தட்டையான பொருளையே சொல்கிறீர்கள். பாய்மரக் கப்பலில் ஷீட் என்பது கயிறு! பாயின் கீழ்மூலையில் கட்டி, இழுத்தும் தளர்த்தியும் காற்றைப் பிடிக்கிற கயிறு. பழைய ஆங்கிலத்தில் பாயின் கீழ்மூலைக்கு இருந்த பெயர், பிறகு அந்தக் கயிற்றுக்கு ஒட்டிக்கொண்டது. ‘மூன்று ஷீட் காற்றில்’ என்று ஆங்கிலத்தில் வந்தால் தாள் பறக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். கயிறு அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும்; ஆள் நல்ல போதையில் இருக்கிறான் என்று பொருள்.

தக்கலை, கூரை வேலை:
அப்போ சார்ஜ் ஷீட்?

குளச்சல், மொழிபெயர்ப்பு:
அது குற்றப்பத்திரிகை. பெயரில்தான் ஒரு ஷீட், கோர்ட்டுக்குப் போகும்போது கட்டுக்கட்டாகப் போகும்.