உதவி: சென்னை ஓஎம்ஆர்ல கட்டடம் குறைஞ்சிருக்குன்னு காட்டுது!

கரிசல்காடு:
அவசரம் மக்களே, திங்கட்கிழமை ரிவ்யூ. சென்டினல்-2 சாட்டிலைட் படம் 2019, 2023 ரெண்டும் இறக்கி க்யூஜிஐஎஸ் (மேப் சாஃப்ட்வேர்)ல என்டிபிஐ போட்டேன், அதான் பேண்ட் 11க்கும் பேண்ட் 8க்கும் உள்ள வித்தியாசத்தை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்து கட்டடத்தைக் கண்டுபிடிக்கற சூத்திரம். சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் பக்கம் கட்டடப் பரப்பு நாலு வருஷத்துல குறைஞ்சிருக்குன்னு வருது. இதைக் கொண்டுபோய்க் காட்டினா கைடு சிரிப்பார். என்ன பண்ண?

பிக்சல்_பாண்டி:
எந்த மாசப் படம்? எல்1சியா (காத்து மண்டலத் திருத்தம் பண்ணாதது), எல்2ஏவா (திருத்தினது)? எவ்வளவுக்கு மேல போனா கட்டடம்னு வெச்சீங்க? இதெல்லாம் சொல்லலைன்னா ஜோசியம்தான் பார்க்கணும்.

ஏரிக்கரை:
காஞ்ச மண்தான் காரணம், எழுதி வெச்சுக்கோங்க. வெத்து மண்ணும் கான்கிரீட்டும் என்டிபிஐக்கு ஒண்ணுதான். 2019ல சென்னை ஏரியெல்லாம் வறண்டு கிடந்தது மறந்துபோச்சா? அந்த வருஷம் ஏரித்தரையை எல்லாம் வீடுன்னு எண்ணியிருக்கும்.

கரிசல்காடு:
ரெண்டுமே பிப்ரவரி. எல்2ஏ. 0.1க்கு மேல கட்டடம்.

ஏரிக்கரை:
பிப்ரவரின்னா என்ன, 2018 வடகிழக்குப் பருவமழையே பொய்ச்சதுதானே. என் பேச்சுல மாத்தமில்லை.

தொலைநோக்கி (மூத்த உறுப்பினர்):
என்டிபிஐ 2003ல லேண்ட்சாட் சாட்டிலைட்டுக்காக வந்த சூத்திரம். இன்னும் அதையே கட்டிட்டு அழறீங்க. இங்கே ஆயிரம் தடவை பேசியாச்சு, பழைய இழையைத் தேடிப் படிக்கற வழக்கமே போச்சு. ரேண்டம் ஃபாரஸ்ட்னு ஒரு மெஷின் லேர்னிங் முறை இருக்கு, கத்துட்டு வாங்க தம்பி.

மரத்தடி:
எதுக்கு இவ்வளவு பாடு? மக்களே வரையற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல கட்டடம் இருக்கே. 2019 பதிப்பு, 2023 பதிப்பு ரெண்டையும் எடுத்துக் கழிச்சா வேலை முடிஞ்சுது.

பிக்சல்_பாண்டி:
கட்டடம் எவ்வளவு கூடுச்சுன்னு அது சொல்லாது, வரையற ஆளுங்க எவ்வளவு கூடுனாங்கன்னுதான் சொல்லும். முப்பது வருஷத்து வீட்டை நேத்து ஒருத்தர் வரைஞ்சா அது நேத்து முளைச்ச வீடா?

மரத்தடி:
2015 வெள்ளத்துல மூழ்கின தெருவை அது மேலதான் மக்கள் குறிச்சாங்க. சும்மா குறை சொல்லாதீங்க.

பிக்சல்_பாண்டி:
தெரு வேற, கட்டடம் வேற தலைவா.

தொலைநோக்கி:
சாட்டிலைட் படத்துலேர்ந்து மெஷினே கட்டடத்தை வரைஞ்ச கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கறது ரெண்டு பேருக்கும் தெரியாதோ?

மரத்தடி:
மெஷின் வரைஞ்சதை நம்புவீங்க, மனுஷன் வரைஞ்சதை நம்ப மாட்டீங்க. நல்லாருக்கு.

நிலஅளவை:
சண்டை அப்புறம். கரிசல்காடு, ஃபைல் பேர்ல இங்கிலீஷ் 'என்' (N) எழுத்துக்குப் பின்னால நாலு இலக்கம் இருக்கும். என்னன்னு பாருங்க.

கரிசல்காடு:
2019ல 02ன்னு ஆரம்பிக்குது. 2023ல 0509.

நிலஅளவை:
அதேதான். அந்த இலக்கம் படத்தைத் தயாரிச்ச பதிப்போட எண். 2022 ஜனவரி 25லேர்ந்து (பதிப்பு 04.00) ஐரோப்பிய விண்வெளி முகமை ஒவ்வொரு பிக்சல் மதிப்போடவும் 1000 கூட்டித்தான் தருது. கழிக்காம என்டிபிஐ போட்டா மேல வித்தியாசம் அப்படியே இருக்கும், கீழ கூட்டுத்தொகை மட்டும் 2000 ஏறிடும். உதாரணத்துக்கு பேண்ட் 11ல 3000, பேண்ட் 8ல 2400ன்னா 0.11 வரும், கட்டடம். அதே இடம் 4000, 3400ன்னு வந்தா 0.08. வீடு காணாமப் போச்சு! கட்டடம்னு வெச்ச எல்லையை 0.1க்குப் பதிலா பூஜ்யத்துல வெச்சிருந்தா இது தெரிஞ்சே இருக்காது, ஏன்னா பிளஸ், மைனஸ் குறி மாறாது. ராஸ்டர் கால்குலேட்டர்ல 2023 பேண்ட் ரெண்டுலயும் 1000 கழிச்சுட்டுப் போடுங்க. கூகுள் எர்த் எஞ்சின்ல, இந்த 1000 ஏற்கெனவே கழிச்சு வெச்ச ஹார்மோனைஸ்டு தொகுப்பை எடுத்தா இந்த வேலை மிச்சம். ஏரிக்கரை சொல்ற காஞ்ச மண் தனிப் பிரச்சினை, இதனால அது தீராது.

ஏரிக்கரை:
அதைத்தானே நான் முதல்லேர்ந்து சொல்றேன்.

கரிசல்காடு:
வந்துருச்சு, இப்ப கூடுது. நன்றிண்ணே.

பிக்சல்_பாண்டி:
எவ்வளவு கூடுது? மேப் போடுங்க பார்ப்போம்.

ஏரிக்கரை:
ஏரியை மாஸ்க் பண்ணி கணக்குலேர்ந்து விலக்குனீங்களா இல்லையா?

மரத்தடி:
பாண்டி, தெருவுக்கு ஒரு நியாயம் கட்டடத்துக்கு ஒரு நியாயமா? பதிலைக் காணோமே.